மிசிர் நாட்டுக் குளிர்

உலகத்தின் எந்த மூலையில் யுத்தம் வெடித்தாலும், அடுத்த சந்தை நாளைக்குள் அதைப் பாட்டாகக் கட்டி எருத்தேன்பதிக்காரர்களின் காதில் போட்டுவிட வேண்டும் என்பது கனி ராவுத்தரின் வைராக்கியம். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் அவரைக் கேட்டுக்கொள்ளவில்லை. சண்டை போட்ட நாடுகளும் கேட்கவில்லை, கடலைக்காய் மூட்டையோடு சந்தைக்கு வந்த சனமும் கேட்கவில்லை. ஆனாலும் அவர் பாடாத யுத்தம் அந்த வட்டாரத்தில் நடந்த யுத்தமாகவே கணக்கில் வராது.

பிழைப்புக்கு அவர் விற்றது அத்தர், சாம்பிராணி, கண்ணுக்கிடும் சுர்மா, சீப்பு, கைக்கண்ணாடி. ஒரு தகரப் பெட்டி, விரிப்பதற்கு ஒரு ஜமுக்காளம், தட்டுவதற்கு ஒரு கஞ்சிரா. ஆள் ஒல்லி, குரல் மட்டும் ஊர் கொள்ளாது. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அவர் தொண்டையைத் திறந்தால் மாட்டுச் சந்தைப் பக்கம் பேரம் நின்றுபோகும். தரகர் குப்பண்ணனுக்கு இதனால் அவர்மேல் தீராத கோபம். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசிக்கொண்டிருக்கும்போது எதிராளி பாட்டில் லயித்துக் கையை விட்டுவிட்டால் யாருக்குத்தான் கோபம் வராது?

முதல் பாட்டு முப்பத்தொன்பதாம் வருஷத்து ஜெர்மன் சண்டைக்கு. அதற்குக் கிடைத்த வரவேற்பில் மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு ஜப்பான், பிறகு காஷ்மீர், ஐம்பதாம் வருஷம் கொரியா. கொரியா வருவதற்குள் ராவுத்தருக்குத் தொழில் நன்றாகப் பிடிபட்டுவிட்டது. முதலில் ஆண்டவனுக்குக் காப்பு. அப்புறம் ‘கேளும் பெரியோரே’. அப்புறம் விமானம் வட்டமிடும், தாய்மார் மாரில் அடித்துக்கொள்வார்கள், அரிசி விலை ஏறும், மண்ணெண்ணெய் கிடைக்காது, கடைசியில் படைத்தவன்தான் காப்பாற்ற வேண்டும். எந்தச் சண்டைக்கும் இந்தச் சட்டை பொருந்தியது. நாட்டின் பெயரை மாற்றி, அங்கங்கே இரண்டு தையல் போட்டால் போதும்.

அவருடைய மனைவி நபீஸாவுக்குப் பாட்டில் குறை ஒன்றும் இல்லை. பாட்டுக்காரர்மேல்தான் ஒரு குறை.

“ஏனுங்க, எங்கியாவது குண்டு உளுந்துதுன்னு கேட்டா உங்க மூஞ்சி கண்ணாலத்துக்குப் போற ஆளு மூஞ்சியாட்ட ஆயிருதே, அது எதுக்குங்க?” என்று ஒருநாள் கேட்டேவிட்டாள்.

“நான் என்ன குண்டு போடச் சொன்னனா? போட்டதப் பாடறேன்” என்றார் ராவுத்தர். சொல்லிவிட்டுக் கைக்கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக்கொண்டார். கொஞ்சம் களையாகத்தான் இருந்தது.

ஐம்பத்தாறாம் வருஷம் ஐப்பசியில் கேரளம் என்ற புது மாநிலம் பிறந்தது. அதன் எல்லைக்குள் விழுந்த எருத்தேன்பதியின் சாயாக்கடையில், நாம் இந்தப் பக்கம் இருப்பது நல்லதா அந்தப் பக்கம் போயிருக்கலாமா என்று ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள். ராவுத்தர் மட்டும் ரேடியோப் பெட்டிமேல் காதை வைத்துக்கொண்டிருந்தார்.

“சித்தெ சும்மா இருங்கப்பா! மிசிரு நாட்டுல குண்டு போட்டுட்டாங்களாம், சூயஸ் கால்வாயிலெ கப்பல் போகாதாம்!”

எகிப்து என்று ரேடியோ சொன்னாலும் அவருக்கு அது மிசிர்தான். பள்ளிவாசல் பிரசங்கத்தில் சின்ன வயதிலிருந்து கேட்ட நாடு. மூசா நபி, நைல் ஆறு, கொதிக்கும் மணல், எல்லாம் பக்கத்து ஊர் போலப் பழக்கம். மற்ற சண்டைகளையெல்லாம் பாடியவன் இதைப் பாடாமல் விடுவதா என்று அவருக்கு உடம்பு பரபரத்தது. மறுநாள் காலையே பழைய கொரியாப் பாட்டுப் புத்தகம் ஒன்றைத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறினார்.

எட்டுப் பக்கப் புத்தகம். ஊதாப் பென்சிலை நாக்கில் நனைத்து நனைத்து, பஸ் குலுங்கக் குலுங்க, ‘கொரியா நாட்டினிலே’ என்று இருந்த இடத்திலெல்லாம் அடித்து ‘மிசிரு நாட்டினிலே’ என்று எழுதினார். அளவு கச்சிதமாக உட்கார்ந்தது. மலை என்று வந்த இடத்தில் மணல் என்று போட்டார். நெல் வயலைப் பேரீச்சந் தோப்பாக்கினார். பொள்ளாச்சி வருவதற்குள் புத்தகமும் முடிந்தது, நாக்கும் ஊதாவானது.

அச்சாபீஸில் எழுத்துக் கோப்பவர் ரத்தினசாமி. கொடுத்ததை வாங்கிக்கொண்டு, வேலையைச் சுத்தமாகச் செய்து கொடுக்கிற ஆள். அவர் செய்த சுத்தம்தான் வினையாகப் போயிற்று. பெட்டிக்குள் அத்தர்ச் சீசா ஒன்று கசிந்து, பாட்டுப் புத்தகத்தின் நான்காம் பக்கமும் ஐந்தாம் பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்திருக்கின்றன. ராவுத்தர் அவற்றைப் பார்க்கவே இல்லை. ரத்தினசாமி ஆவி காட்டிப் பக்குவமாகப் பிரித்தார். அந்தப் பக்கங்களில் கொரியா என்று இருந்ததை, பாவம் மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று தாமே மிசிராக மாற்றி, ஓர் எழுத்து விடாமல் கோத்துவிட்டார். புதுப் புத்தகம் சந்தை நாளுக்கு முதல் நாள் கைக்கு வந்தது. அதன் மை வாசனையும், கூடவே திரும்பி வந்த பழைய புத்தகத்தின் மல்லிகை அத்தர் வாசனையும் சேர்ந்து அடித்தன.

ராவுத்தர் கஞ்சிராவைத் தட்டினார். நூறு பேர் கூடிவிட்டார்கள். முன்வரிசையில் ராமாத்தாள், தன் கடலைக்காய்ச் சாக்கின்மேலேயே உட்கார்ந்திருந்தாள். கைம்பெண், இரண்டு ஏக்கர் மேட்டுக் காட்டை ஒற்றை ஆளாகக் கொத்திப் பிழைக்கிறவள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் ராவுத்தரின் பாட்டு ஒரு தடவை காதில் விழுந்தால் அப்படியே மனப்பாடம். ராவுத்தர் வரி மறந்தால் எடுத்துக் கொடுக்கிறவளும் அவள்தான்.

பாட்டு அருமையாகப் போயிற்று. வாய்க்குப் பழகிய பாட்டு என்பதால் ராவுத்தர் கண்ணை மூடிக்கொண்டே பாடினார். பழகிய இடத்தில் குரலைத் தழதழக்க விட்டார்.

*வாட்டுங் குளிரினிலே – வீரர்*
*வாடி ஒடுங்கினரே – நெருப்பு*
*மூட்டிப் படுத்தவர்கள் – பொழுது*
*முளைத்தும் எழவில்லையே!*

குப்பண்ணன் இத்தனை வருஷமாக இந்த ஒரு சந்தர்ப்பத்துக்குத்தான் காத்திருந்தார் போல.

“ஏனுங்க ராவுத்தரே, மிசிரு நாடுன்னா மணலு கொதிக்கும்னு முதப் பாட்டுல பாடுனீங்க. அஞ்சாம் பாட்டுல ஆளு குளுருல விறைச்சுப் போறானே, எப்படீங்க? நடுவால மழைகிழை பேஞ்சுதுங்களா?”

சந்தையே சிரித்தது. ராவுத்தர் கண்ணைத் திறந்து கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். கொரியாவின் குளிர் கொட்டை எழுத்தில் மிசிரில் உட்கார்ந்திருந்தது. ஐயோ என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டார். அந்த நிமிஷமே, தப்பாப் போச்சுங்க என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் நூறு பேர் முன்னால் தப்பை ஒப்புக்கொள்கிற பாட்டுக்காரன் இன்னும் பிறக்கவில்லை.

“அச்சுல வந்தாச்சு பார்த்தீல்ல? அச்சுல பொய்யா வரும்? போய் மாட்டுப் பல்லை எண்ணுய்யா!” என்றார்.

அதற்கும் சிரித்தார்கள். புத்தகமும் கை கையாகப் போயிற்று. அடுத்த இரண்டு சந்தைகளிலும் அதே பாட்டு, அதே கேலி, அதே பதில்.

கார்த்திகை மாதம் ஒரு சந்தை நாளில், ராமாத்தாள் ஒரு கடிதத்தோடு வந்து ஜமுக்காளத்தின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவளுடைய ஒரே மகன் வெள்ளியங்கிரி பட்டாளத்தில் லாரி ஓட்டுகிறான். கடிதங்களைப் படித்துச் சொல்வதும் பதில் எழுதுவதும் ராவுத்தர்தான். அன்றைக்கு வந்த கடிதம் சின்னது. சண்டை நின்றுவிட்டது, இரண்டு பக்கத்தையும் விலக்கிவிட ஐக்கிய நாடுகள் சபை படை அனுப்புகிறது, அதில் நம் நாட்டுப் படையும் போகிறது, நானும் எகிப்துக்குக் கப்பல் ஏறுகிறேன், கவலைப்படாதே என்று எழுதியிருந்தான்.

“எகிப்துன்னா எங்கீங்க ராவுத்தரண்ணா? வடக்கயா?”

ராவுத்தர் யோசிக்கவே இல்லை. தமக்குத் தெரிந்த விஷயம் என்ற குஷி.

“அட, நம்ம பாட்டுல வருதே அம்மிணி, மிசிரு நாடு! அதேதான் இது!”

ராமாத்தாளின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்ததை அவர் பார்த்தார். அவளுடைய உதடுகள் மெல்ல அசைந்தன. என்ன முணுமுணுக்கிறாள் என்று அவருக்குக் கேட்கவேண்டியதே இல்லை. மூட்டிப் படுத்தவர்கள், பொழுது முளைத்தும் எழவில்லையே.

“அய்யோ, அது இல்லை அம்மிணி!” என்று பதறினார். “அது கொரியாப் பாட்டு. பக்கம் ஒட்டிக்கிச்சு. அச்சாபீஸ்காரன் பிரிச்சுக் கோத்துட்டான். மிசிருல குளுரும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை.”

“என்ற மனசு ஆறட்டும்னு சொல்றீங்க.”

“சத்தியமாச் சொல்றேன். நான் வாய்க்கு வந்ததைப் பாடுனேன்.”

“அச்சுல பொய் வராதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க? மூணு சந்தையாச் சொன்னீங்களே.”

ராவுத்தர் பெட்டியைக் குடைந்து பழைய கொரியாப் புத்தகத்தை எடுத்தார். இரண்டையும் அவள்முன் விரித்துவைத்து, இங்கே பார், அங்கே பார் என்று வரிக்கு வரி விரலால் காட்டினார். எழுத்து தெரியாதவளிடம் எதைக் காட்டுவது? அவள் இரண்டையும் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

“அங்கயும் குளுரு, இங்கயும் குளுரு. எங்க சண்டை நடந்தாலும் எளவட்டப் பசங்க இப்படித்தான் சாகறாங்களாட்ட இருக்குது.”

இத்தனை வருஷமும் ராவுத்தரின் பாட்டில் எத்தனையோ பேர் செத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவனுக்கும் முகம் இருந்ததில்லை. இப்போது ஒவ்வொருவனுக்கும் வெள்ளியங்கிரியின் முகம், முன்பல் இடைவெளியோடு, வந்து ஒட்டிக்கொண்டது. இரண்டு புத்தகங்களையும் மூடிவைத்தார். பாட்டில் குரலைத் தழதழக்க விடுவது வேறு, இது வேறு.

கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். மகனுக்கே எழுதிக் கேட்டுவிடுவது. ராவுத்தர் பேனாவை எடுத்தார். அவள் சொல்லச் சொல்ல எழுதினார். ‘நம்ம கனி ராவுத்தர் பாட்டில் அந்த ஊரில் குளிர் என்றும் படுத்தவர்கள் எழவில்லை என்றும் போட்டிருக்கிறது. நிசமா பொய்யா என்று உடனே எழுதவும். எனக்குச் சோறு இறங்கவில்லை.’

“பாட்டையும் வெச்சு அனுப்புங்க. அவன் படிச்சுப் பார்க்கட்டும்.”

“பாட்டு எதுக்கு அம்மிணி…”

“வைங்க.”

வைத்தார். தாம் ஒட்டுப்போட்டுக் கட்டிய யுத்தப் பாட்டு, தம் கையாலேயே உறையில் மடித்து, யுத்தம் நடந்த இடத்துக்கே போகிறது. இதைவிட ஒரு பாட்டுக்காரனுக்கு வேறு தண்டனை வேண்டாம். அங்கே நிஜமான சிப்பாய்கள் அதைப் பிரித்துப் படித்து வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். சிரித்தால்கூடப் பரவாயில்லை, பதில் வந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டே தபாலில் போட்டார்.

அதன்பிறகு கஞ்சிரா பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. சாம்பிராணி மட்டும் விற்றார். “ராவுத்தரே, ஒரு பாட்டு எடுத்து விடுங்க” என்று கேட்டவர்களிடம் தொண்டை சரியில்லை என்றார். ராமாத்தாள் சந்தைக்குச் சந்தை வந்தாள். கடிதம் வந்ததா என்று அவர் கேட்கமாட்டார். வந்து எதிரே நிற்பாள், இல்லை என்று தலையை ஆட்டுவாள், போய்விடுவாள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இளைத்திருந்தாள். போகும்போது ஒரு படி கடலைக்காயை ஜமுக்காளத்தில் கொட்டிவிட்டுப் போனாள். அவர்மேல் அவளுக்குக் கோபமே இல்லை என்பதுதான் அவருக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

சாயாக்கடை ரேடியோவில் இப்போதும் காதை வைத்துத்தான் கேட்டார். எகிப்து என்ற சொல் வந்தால் நெஞ்சு திக்கென்றது. அந்தக் குஷி எங்கே போனது என்றே தெரியவில்லை. நபீஸா ஒருநாள் கைக்கண்ணாடியை எடுத்து அவர்முன் நீட்டினாள்.

“இப்பப் பாருங்க. இதுதானுங்க ரேடியோவுல சண்டைச் சேதி கேக்கற மூஞ்சி” என்றாள். குத்திக்காட்டவில்லை, சொன்னாள். சொல்லிவிட்டு அவருக்குச் சோற்றைப் போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

பொங்கல் முடிந்து இரண்டாவது சந்தை. ராமாத்தாள் தூரத்திலிருந்தே சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். கையில் பருமனான ஓர் உறை. பின்னாலேயே கூட்டம். குப்பண்ணன் பேரத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்து நின்றார். ராவுத்தர் உறையின் ஓரத்தைக் கிழித்துக் கடிதத்தைப் பிரித்தார்.

“சத்தமாப் படிங்க. அல்லாரும் கேக்கட்டும்” என்றாள் ராமாத்தாள்.

‘அன்புள்ள ஆத்தாவுக்கு வெள்ளியங்கிரி எழுதிக்கொண்டது. நான் சுகம். பாட்டு வந்து சேர்ந்தது. எங்கள் கூடாரத்தில் தமிழ் பேசுகிறவர்கள் ஏழு பேர். எல்லாரும் படித்துவிட்டு அசந்துபோனோம். ராவுத்தர் இந்தப் பாலைவனத்தைக் கண்ணாலும் பார்த்ததில்லையே, இங்கே குளிர் என்று எப்படிக் கண்டுபிடித்தார்? பகலில் வெயில் அடிக்கிறது. பொழுது சாய்ந்தால் குளிர் வந்து எலும்பைப் பிடித்துக்கொள்கிறது. விடியற்காலையில் வாளித் தண்ணீரின்மேல் கண்ணாடி போல உறைந்து கிடக்கிறது. லாரி கிளம்ப மாட்டேன் என்கிறது. ஆளுக்கு நான்கு கம்பளி கொடுத்திருக்கிறார்கள். அதுவும் பற்றவில்லை.’

குப்பண்ணன் வாயைத் திறந்தவர் மூடவில்லை. சந்தையே ராவுத்தரை ஞானம் பெற்ற ஓர் அவுலியாவைப் பார்ப்பது போலப் பார்த்தது. பழைய கனி ராவுத்தராக இருந்தால் அந்த நிமிஷமே கஞ்சிராவை எடுத்திருப்பார். இப்போது அவர் கடிதத்தையே பார்த்தார். குளிர் நிசம் என்றால் அடுத்த வரி? ராமாத்தாளும் அதையேதான் நினைத்தாள். அவருடைய முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“திருப்புங்க” என்றாள்.

திருப்பினார்.

‘ஒரு சமாசாரத்தில் மட்டும் ராவுத்தருக்குத் தவறிவிட்டது. படுத்தவர்கள் எழவில்லை என்று போட்டிருக்கிறார். தினமும் விடியற்காலையில் எங்களை எழுப்ப ஒரு ஹவில்தார் வருகிறார். கம்பளிக்குள் இருந்துகொண்டே நாங்கள் ஏழு பேரும் அந்த வரியை ராகம் போட்டுப் பாடுகிறோம். அவருக்குத் தமிழ் தெரியாது, சாமி பாட்டு என்று நினைத்துப் பாடி முடிக்கிற வரைக்கும் விடுகிறார். பாடி முடித்ததும் ஏழு பேரும் எழுந்துவிடுகிறோம். ஆகவே அந்த ஒரு வரியைத் திருத்தச் சொல்லவும். நீ சாப்பிடவும்.’

ராவுத்தருக்கு அதற்குமேல் எழுத்து தெரியவில்லை, கண் நிறைந்துவிட்டது. ராமாத்தாள் அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே மூக்கைச் சிந்தினாள். குப்பண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வாளித் தண்ணி உறையுதாம்! நான் கேட்டது தப்புத்தானுங்க ராவுத்தரே” என்றார்.

“நீ கேட்டது சரி குப்பண்ணா” என்றார் ராவுத்தர், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. “எனக்கு ஒண்ணுமே தெரியாது. கொரியாவுக்குப் பாடுனதை மிசிருக்கு ஒட்டுனேன். அச்சுல நான் போட்டது பொய்தான். இந்தப் பையன் எழுதித்தான் அது நெசமாச்சு.”

பெட்டியைத் திறந்து, விற்காமல் மிஞ்சிய புத்தகங்களை வெளியே எடுத்தார். நாற்பது இருக்கும். ஊதாப் பென்சிலை நாக்கில் நனைத்தார். ஐந்தாம் பக்கத்தில் கடைசி வரியை அடித்து, மேலே புது வரியை எழுதினார். அடுத்த புத்தகம். அதற்கடுத்தது. ஒவ்வொன்றிலும் நிறுத்தி நிதானமாக, ஏழு பேரை எழுப்புகிற ஜாக்கிரதையோடு எழுதினார்.

முதல் புத்தகத்தை ராமாத்தாள் வாங்கிக்கொண்டாள்.

“நீங்க எழுதி முடிக்கறதுக்குள்ள பொழுது போயிரும். கஞ்சிராவத் தட்டுங்க. நான் பாடறேன்” என்றாள்.

ராவுத்தர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கஞ்சிராவை எடுத்தார். ராமாத்தாள் கடலைக்காய்ச் சாக்கின்மேல் ஏறி நின்று, புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, மாட்டுச் சந்தைவரை கேட்கும்படி பாடினாள்.

*மூட்டிப் படுத்தவர்கள் – பொழுது*
*முளைத்ததும் எழுந்தனரே!*